மின்னொளி கபடி: இறுதி ஆட்டம் இரவு பத்துக்குள் முடிய வேண்டும்

கிராமத்து மின்னொளி கபடிப் போட்டிகளில் நடக்கும் சண்டை, காயம், காவல்துறை வந்து மைக்கை நிறுத்துவது, ஆளில்லாத மைதானத்தில் கோப்பை கொடுப்பது என எதை எடுத்துப் பார்த்தாலும் வேர் ஒரே இடத்தில்தான் இருக்கும். நேரத்தைக் கணக்குப் போடாமல் அணிகளைச் சேர்த்திருப்பார்கள். மாலை ஆறு மணிக்குத் தொடங்கி விடியற்காலை நான்கு மணிக்கு இறுதி ஆட்டம் ஆடும் இரண்டு அணிகளைப் பார்த்தால் தெரியும். ஐந்தாவது ஆட்டம் ஆடும் பையனுக்குக் கால் தூக்கவே வராது. தளர்ந்த காலோடு டைவ் அடிப்பான், மூட்டு திரும்பிவிடும். நடுவருக்குக் கண் எரியும், போனஸ் தொட்டானா இல்லையா என்று தெரியாது. பார்க்க நிற்பவர்களில் பாதிப் பேர் தூக்கத்திலும் மீதிப் பேர் வேறு நிலையிலும் இருப்பார்கள். அந்த நேரத்தில் ஒரு தப்பான விசில் போதும், கலவரமாகிவிடும்.

அதனால் பரிசுத் தொகையைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் ஒரு தாளை எடுத்து ஆட்டங்களை எண்ண வேண்டும். நாக் அவுட் முறையில் எத்தனை அணி இருக்கிறதோ அதில் ஒன்றைக் கழித்தால் மொத்த ஆட்டம். 32 அணி என்றால் 31 ஆட்டம். ஆண்களுக்கான முழு ஆட்டம் 20 நிமிடம், 5 நிமிட இடைவேளை, மறுபடி 20 நிமிடம். டைம் அவுட், ரிவியூ, அடுத்த அணி உள்ளே வந்து டாஸ் போடுவது எல்லாம் சேர்த்தால் ஒரு ஆட்டத்துக்கு ஒரு மணி நேரம் ஓடிவிடும். ஒரே களத்தில் 31 மணி நேரம்! யாராலும் முடியாது. இது தெரியாமல் 40 அணிக்கு நுழைவுக் கட்டணம் வாங்கிவிட்டு, இரவு பதினொரு மணிக்கு மேல் "இனிமே அஞ்சு நிமிசம் அஞ்சு நிமிசம்தான்" என்று மைக்கில் அறிவிக்கிறார்கள். தொலைவிலிருந்து வேன் வாடகை கொடுத்து வந்த அணிக்கு இதைவிடப் பெரிய அநியாயம் இல்லை.

சனி, ஞாயிறு இரண்டு நாள், இரண்டு களம் என்றால் 24 அணிதான் சரியான எண்ணிக்கை. கணக்கு இப்படி: 24 அணிக்கு அடுத்த இரட்டிப்பு எண் (2, 4, 8, 16, 32 என்ற வரிசையில்) 32. 32-இல் 24 போனால் 8. அந்த 8 அணிகளுக்கு முதல் சுற்றில் பை, அதாவது ஆடாமலே இரண்டாம் சுற்றுக்குப் போகும். மீதி 16 அணிகள் 8 ஆட்டம் ஆடும். ஜெயித்த 8 அணியும் பை வாங்கிய 8 அணியும் சேர்ந்து இரண்டாம் சுற்றில் இன்னும் 8 ஆட்டம். ஆக சனிக்கிழமை 16 ஆட்டம், ஒரு களத்துக்கு 8. இந்த இரண்டு சுற்றையும் 10-5-10 என்று வைத்தால், மற்ற தாமதங்களோடு ஆட்டத்துக்கு 35 நிமிடம். எட்டு ஆட்டத்துக்கு 280 நிமிடம், அதாவது 4 மணி 40 நிமிடம். பிற்பகல் 3 மணிக்குத் தொடங்கினால் 7.40-க்கு முடியும். இடையில் மழைத் தூறலோ, மின்தடையோ, ஒரு பெரிய காயமோ வந்தாலும் இரண்டு மணி நேரம் கையில் இருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை ஒரே களத்தில் கால் இறுதி நான்கு, அரை இறுதி இரண்டு. இவை 15-5-15, ஒவ்வொன்றுக்கும் 50 நிமிடம். 2.30-க்குத் தொடங்கினால் 7.30-க்கு அரை இறுதிகள் முடியும். இரண்டாவது களம் காலியாக இருக்கிறதே, அதில் கோட்டை அழித்துப் பெண்கள் அளவுக்கு மாற்றிப் போட்டு, நான்கு அணியை வைத்துப் பெண்கள் அரை இறுதிகளை மாலையிலேயே ஆடிவிடலாம். பெண்கள் இறுதி ஆட்டம் 7.30-க்கு. அந்த நேரத்தில்தான் மைதானம் நிரம்பி இருக்கும். பெண்கள் ஆட்டத்தை நள்ளிரவில் ஒப்புக்கு நடத்துகிற பழக்கத்தை முதலில் விட வேண்டும். அதில் இன்னொரு நன்மையும் உண்டு: இரண்டாவது அரை இறுதியில் ஜெயித்த ஆண்கள் அணிக்கு இறுதிக்கு முன்னால் முக்கால் மணி நேரத்துக்கு மேல் ஓய்வு கிடைக்கும். 8.20-க்கு இறுதி ஆட்டம், முழு 20-5-20. 9.20-க்கு முடிந்தால் 9.50-க்குப் பரிசளிப்பும் முடிந்துவிடும்.

சமநிலையை மறந்துவிடாதீர்கள். நாக் அவுட்டில் சமன் ஆனால் இரு அணிக்கும் தலா 5 ரைடு, அதிலும் சமன் என்றால் கோல்டன் ரைடு, அதாவது வெற்றியை முடிவு செய்யும் கடைசி ரைடு. இதற்குப் பத்து நிமிடம். ஒரு நாளில் இரண்டு ஆட்டமாவது இப்படிப் போகும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பத்து மணி என்று அழுத்திச் சொல்வதற்குச் சட்டக் காரணமும் உண்டு. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 முதல் காலை 6 வரை திறந்த வெளியில் ஒலிபெருக்கி வைக்கக் கூடாது. திருவிழாக் காலங்களில் ஆண்டுக்கு 15 நாளுக்கு மிகாமல் நள்ளிரவு 12 வரை தளர்த்த மாநில அரசுக்கு அதிகாரம் உண்டு என்றாலும், அதை நம்பி அட்டவணை போடக் கூடாது. காவல் நிலையத்தில் மனுக் கொடுக்கும்போதே இந்த நேர அட்டவணையை இணைத்துக் கொடுங்கள். எத்தனை அணி, எந்த ஆட்டம் எத்தனை மணிக்கு, எப்போது முடியும், பொறுப்பாளர்கள் யார், முதலுதவிக்கு யார், வண்டிகள் எங்கே நிற்கும் என்று இரண்டு பக்கத்தில் எழுதிய மனுவுக்குக் கிடைக்கும் மரியாதையே வேறு. கூடவே இடத்தின் உரிமையாளர் தரும் சம்மதக் கடிதம் வேண்டும். பள்ளி மைதானம் என்றால் தலைமையாசிரியர் வாயால் சொன்னது போதாது. சாதி அடையாளமும் கட்சிக் கொடியும் கூடாது, மது கூடாது, மருத்துவக் குழு இருக்க வேண்டும் என்பவை அனுமதியோடு வழக்கமாக வரும் நிபந்தனைகள். அணியின் பெயரிலும் பனியனிலும் சாதிப் பெயர் இருந்தால் பதிவு செய்யும்போதே மாற்றச் சொல்லிவிட வேண்டும். களத்துக்கு வந்தபின் பனியனைக் கழற்றச் சொன்னால் அதுவே சண்டை.

இனி களம். ஆண்கள் களம் 13 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம். இந்தப் பத்தில் இரு பக்கமும் ஒவ்வொரு மீட்டர் லாபி, ஆக ரைடரும் தடுப்பவரும் தொட்டுப் போராடத் தொடங்கும் வரை ஆடும் அகலம் 8 மீட்டர். நடுக்கோட்டிலிருந்து பாக் லைன் (ரைடர் தாண்ட வேண்டிய கோடு) 3.75 மீட்டர், அங்கிருந்து போனஸ் லைன் (தாண்டினால் போனஸ் புள்ளி தரும் கோடு) 1 மீட்டர், அதற்கப்பால் கடைக்கோடு 1.75 மீட்டர். மூன்றையும் கூட்டினால் 6.5 வர வேண்டும். பெண்கள் களம் 12-க்கு 8, எல்லாவற்றையும் நடுக்கோட்டிலிருந்தே அளந்தால் பாக் லைன் 3 மீட்டர், போனஸ் 4 மீட்டர், கடைக்கோடு 6 மீட்டர். அளக்கும்போது பெரும்பாலும் நீள அகலத்தை மட்டும் பார்த்துவிட்டுக் கோடு போட்டுவிடுவார்கள். களம் சாய்ந்து போய் ஒரு மூலை உள்ளேயும் ஒரு மூலை வெளியேயும் நிற்கும். மூலைக்கு மூலை குறுக்கே நாடாவைப் பிடியுங்கள். 13-க்கு 10 களத்தில் இரண்டு குறுக்களவும் 16.40 மீட்டர் இருக்க வேண்டும். இரண்டும் ஒன்றாக வந்தால்தான் களத்தின் மூலைகள் செங்கோணமாக நிற்கின்றன என்று பொருள்.

களத்தைச் சுற்றி நாலு பக்கமும் 4 மீட்டர் வெற்றிடம் விட வேண்டும். அப்படியென்றால் ஒரு களத்துக்கு 21-க்கு 18 மீட்டர் இடம். இந்த நான்கு மீட்டரைத்தான் முதலில் திருடுவார்கள். முக்கியப் புள்ளிகளுக்கு முன் வரிசையில் நாற்காலி போடுகிறோம் என்று ஒரு மீட்டர் உள்ளே வரும், அதற்கு முன்னால் சிறுவர்கள் உட்கார்ந்து இன்னொரு மீட்டர் போகும். மூன்று பேர் சேர்ந்து ரைடரைத் தூக்கி லாபிக்கு வெளியே தள்ளும்போது அவன் விழுகிற இடத்தைக் கவனித்துப் பாருங்கள். எல்லைக் கோட்டிலிருந்து இரண்டு, இரண்டரை மீட்டர். அந்த இடத்தில் பிளாஸ்டிக் நாற்காலியின் கால் இருந்தால் விலா எலும்பு தாங்காது. நாற்காலி, ஸ்பீக்கர் பெட்டி, விளக்குக் கம்பம், கேமரா ஸ்டாண்டு எதுவும் அந்த நான்கு மீட்டருக்குள் வரவே கூடாது. தடுப்புக்கு இடுப்பளவு சவுக்குக் கட்டை கட்டி, களத்தைப் பார்த்த பக்கம் வைக்கோலை அடைத்த சாக்கைத் தொங்கவிடலாம். வெறும் கயிறு கூட்டத்தைத் தாங்காது. பின்னாலிருந்து ஒரு தள்ளு வந்தால் முன்னால் நிற்பவன் கயிற்றோடு சேர்ந்து களத்துக்குள் வந்து விழுவான்.

மண் களமா, மேட் விரிப்பா என்பதைக் காசை வைத்து மட்டும் முடிவு செய்ய வேண்டாம். மேட் என்பது ஒரு மீட்டர் சதுரத் துண்டுகள், பல்லும் பல்லும் கோத்துப் போடுவது. 13-க்கு 10 களத்துக்கே 130 துண்டு, சுற்றிலும் ஒரு மீட்டர் விட்டால் 180 துண்டு. அடியில் தரை சமமாக இல்லையென்றால் சேர்ப்பில் இடைவெளி விழும், அதில் கால் விரல் மாட்டும். மேட்டில் ஷூ இல்லாமல் ஆடினால் பாதம் தேய்ந்து கொப்பளிக்கும். மண்ணிலேயே ஆடிப் பழகிய அணியில் எல்லாரிடமும் ஷூ இருக்காது. எனவே மேட் என்று முடிவு செய்தால் அழைப்பிலேயே சொல்லிவிட வேண்டும். எல்லாவற்றையும்விடப் பெரிய எதிரி பனி. மார்கழி, தை மாதங்களில் இரவு ஏற ஏற மேட்டின் மேல் கண்ணுக்குத் தெரியாத ஈரப் படலம் உட்காரும். ரைடர் திரும்பும்போது கால் வழுக்கி இரண்டு காலும் விரிந்துவிடும், தொடைத் தசை கிழியும். களத்துக்கு மேலே ஆறு மீட்டர் உயரத்தில் பந்தல் துணி கட்டினால் பனி பெரும்பாலும் தடுக்கப்படும். அது முடியாவிட்டால் பக்கத்துக்கு இரண்டு பேர், கையில் உலர்ந்த துண்டோடு. டைம் அவுட்டிலும் இடைவேளையிலும் முழங்காலிட்டுத் துடைக்க வேண்டும். இறுதி ஆட்டத்தை ஒன்பதரைக்குள் முடிப்பதால் பனியின் தொல்லை பாதி குறைந்துவிடுகிறது என்பதையும் சொல்ல வேண்டும்.

மண் களம் என்றால் பத்து நாளுக்கு முன்பே வேலை தொடங்க வேண்டும். உழுது, கல் பொறுக்கி, சலித்த செம்மண்ணோடு மணலும் மரத்தூளும் கலந்து பரப்பி, தண்ணீர் விட்டு ஊறவைத்து, உருளை ஓட்டி, திரும்பவும் மேலே ஒரு விரல்கடை ஆழத்துக்குக் கிளறிவிட வேண்டும். கல் பொறுக்குவதை ஆட்கள் வரிசையாகக் குனிந்து கையால் தடவிச் செய்ய வேண்டும். கண்ணால் பார்த்தால் கண்ணாடிச் சில்லு தெரியாது. போட்டி நாளில் ஆட்டத்துக்கு ஆட்டம் பூவாளியால் லேசாகத் தெளித்தால் போதும். டேங்கர் குழாயைத் திறந்துவிட்டால் களம் சேறு, அன்றைக்கு முழுக்கக் காயாது.

கோடு போட சுண்ணாம்புத் தூளைப் பயன்படுத்தாதீர்கள். சுட்ட சுண்ணாம்பு வேர்வையோடு சேர்ந்தால் தோலை எரிக்கும், கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. கபடியில் முகம் மண்ணில் புதையாத ஆட்டமே கிடையாது. கல் கோலமாவு போதும், ஆட்டத்துக்கு ஒருமுறை திரும்பப் போட ஒரு ஆளும் ஒரு டப்பாவும் வேண்டும். வெள்ளை நாடா கட்டுவதானால் அதன் முனைகளைக் களத்துக்கு வெளியே குழி தோண்டிப் புதையுங்கள். உள்ளே ஆணி அடிக்கவே கூடாது.

இரண்டு களம் அடுத்தடுத்து இருந்தால் ஒரு சிக்கல் வரும், முதல் தடவை நடத்துகிறவர்கள் யாரும் இதை எதிர்பார்ப்பதில்லை. பக்கத்துக் களத்தின் விசிலைக் கேட்டு இந்தக் களத்து ரைடர் நின்றுவிடுவான், பிடித்துவிடுவார்கள், பிறகு புள்ளி யாருக்கு என்று தகராறு. களங்களுக்கு நடுவே பதினைந்து மீட்டராவது விட்டு, ஒன்றுக்கு உருளை உள்ள விசில், மற்றதற்கு உருளை இல்லாத விசில் என்று பிரித்துக் கொடுத்தால் சத்தம் வேறு வேறாகக் கேட்கும். மைக்கும் அப்படித்தான். பெரிய ஸ்பீக்கர் ஒரு களத்துக்கு மட்டும். இன்னொன்றுக்குக் கையில் பிடிக்கும் சின்ன மைக் போதும்.

விளக்கு விஷயத்தில் எண்ணிக்கையைவிட இடம் முக்கியம். களத்துக்கு 200 வாட் எல்.இ.டி. ஃப்ளட் லைட் பன்னிரண்டு, இரண்டு களத்துக்கு 24. ஏழெட்டு மீட்டர் உயரத்தில் நான்கு மூலையிலும் பக்கவாட்டிலும் பிரித்து வைக்க வேண்டும். எல்லாவற்றையும் ஒரே பக்கம் கட்டினால் தடுப்பவர்களின் நிழல் போனஸ் லைன் மேல் நீளமாக விழும், கால் தொட்டதா என்று அம்பயருக்குத் தெரியாது. மழை பெய்து ஓய்ந்த இரவில் ஈசல் மொய்க்கும். களத்தைவிட்டு இருபது மீட்டர் தள்ளி, தாழ்வாக இரண்டு விளக்கு போட்டு ஒரு அகலப் பாத்திரத்தில் தண்ணீர் வைத்தால் ஒரு பகுதி அங்கே போகும்.

மின் சுமையைக் கூட்டிப் பார்ப்போம். விளக்கு 4.8 கிலோவாட், ஒலி 3, ஸ்கோர்போர்டு, மேடை, சாப்பாட்டுக் கூடம், மோட்டார் எல்லாம் சேர்த்து இன்னொரு 2 அல்லது 3. மொத்தம் பத்துப் பதினோரு கிலோவாட். 25 கே.வி.ஏ. ஜெனரேட்டர் 20 கிலோவாட் வரை தரும் என்பதால் நிம்மதியாக ஓடும். டீசல் மணிக்கு நாலு அஞ்சு லிட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். தற்காலிக மின் இணைப்பு முறையாக வாங்கினால் ஜெனரேட்டர் மாற்று ஏற்பாடாக இருக்கும். தெருக் கம்பத்தில் கொக்கி போடுவதை யார் சொன்னாலும் ஒத்துக்கொள்ளாதீர்கள். தண்ணீர் தெளித்த தரை, வெறுங்கால், இரும்புக் கம்பம், வேர்வை வழியும் உடம்பு. இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். எர்த் கம்பி, 30 மில்லி ஆம்பியர் கசிவுக்கே துண்டிக்கும் பிரேக்கர், தரையில் ஓடும் ஒயரைக் குழாய்க்குள் விடுவது, இந்த மூன்றும் எலக்ட்ரீசியனிடம் எழுதிக் கேட்டு, மாலையில் நேரில் பார்த்துச் சரிபார்க்க வேண்டியவை. விளக்குகளை ஒற்றைப்படை ஒரு லைன், இரட்டைப்படை ஒரு லைன் என்று பிரித்துக் கட்டச் சொல்லுங்கள். ஒரு லைன் போனாலும் பாதி வெளிச்சம் நிற்கும். ஆயிரக்கணக்கான பேர் நிற்கிற இடத்தில் ஒரே நொடியில் கும்மிருட்டானால் என்ன நடக்கும் என்று யோசித்தாலே போதும். வெளியே போகும் வழிகளில் பேட்டரி விளக்கு தனியாக இருக்கட்டும்.

கேலரியைப் பற்றிச் சொல்லும்போது 2021 மார்ச்சில் தெலங்கானாவின் சூர்யாபேட்டையில் நடந்ததை மறக்க முடியாது. தேசிய ஜூனியர் கபடிப் போட்டியின் தொடக்க விழாவில் பார்வையாளர் கேலரி சரிந்து நூற்றுக்கு மேற்பட்டவர்கள் காயமடைந்தார்கள். சவுக்குக் கட்டையும் கயிறும் வைத்துக் கட்டும் கேலரி உட்கார்ந்திருக்கும் ஆளைத் தாங்கிவிடும். ஒரு சூப்பர் டேக்கிள் (களத்தில் மூன்று பேரோ அதற்குக் குறைவோ இருக்கும்போது ரைடரைப் பிடிப்பது) விழுந்ததும் எல்லாரும் ஒரே சமயத்தில் எழுந்து குதித்து ஒரு பக்கமாகச் சாயும்போதுதான் உடைகிறது. கூட்டம் கூடும் இடங்களுக்கு ஒரு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 500 கிலோ பாரம் தாங்க வேண்டும் என்பது இந்தியத் தர நிர்ணயக் கணக்கு. பக்கவாட்டு ஆட்டத்தைத் தடுக்கக் குறுக்குக் கட்டைகள் ஒவ்வொரு கண்ணிக்கும் வேண்டும். கால்கள் மண்ணில் இறங்காமல் அடியில் பலகைத் துண்டு வைக்க வேண்டும். களத்துக்குத் தெளித்த தண்ணீர் ஓடி வந்து கேலரிக் கால் மண்ணை இளக்குவது அடிக்கடி நடக்கிறது. கேலரிக்கு அடியில் சிறுவர்கள் புகாதபடி வலை கட்ட வேண்டும். பொறியாளர் பார்த்துக் கையெழுத்திடாத கேலரி வேண்டவே வேண்டாம். முன்னால் பாய் விரித்து நான்கு வரிசை, பின்னால் நாற்காலி, அதற்குப் பின்னால் நிற்பவர்கள், மைதானத்தில் மேடு இருந்தால் அதையே படிக்கட்டாக வெட்டுவது. இதுவே கிராமத்துப் போட்டிக்குப் போதும், பாதுகாப்பும்கூட.

அணிப் பதிவில்தான் பாதித் தகராறு பிறக்கிறது. ஒரே ஆட்டக்காரர் இரண்டு பெயரில் இரண்டு அணியில் ஆடுவது பழைய கதை. பன்னிரண்டு பேர் பட்டியல், ஆதார் நகல், பனியன் எண் ஆகியவற்றோடு, பட்டியலைக் கையில் பிடித்தபடி அணி முழுவதையும் நிற்கவைத்து ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். எதிர்ப்பு வந்தால் அந்தப் படத்தைக் காட்டிவிடலாம். ஆட்ட நேரம், சமன் விதி, வராத அணிக்குப் பதினைந்து நிமிடம் கழித்து வாக் ஓவர், நடுவர் தீர்ப்பே முடிவு ஆகியவற்றை அரைப் பக்கத்தில் அச்சடித்து, கேப்டனிடமும் மேனேஜரிடமும் கையெழுத்து வாங்க வேண்டும். லாட்டை எல்லா அணி மேனேஜர்களும் பார்க்கும்படி சீட்டுக் குலுக்கி எடுத்து, அங்கேயே பலகையில் எழுதிவிடுங்கள். இரவு வீட்டில் வைத்து எழுதிய அட்டவணையை யாரும் நம்பமாட்டார்கள்.

எடைப் பிரிவுப் போட்டி என்றால் தராசைப் பற்றிக் கவலைப்பட வேண்டும். மண் தரையில் வைத்த டிஜிட்டல் தராசு ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு எடை காட்டும். கெட்டியான சமதளத்தில் பலகை போட்டு வைத்து, முத்திரையிட்ட 20 கிலோ எடைக்கல்லை எல்லார் முன்னாலும் ஏற்றிக் காட்டிவிட்டுத் தொடங்குங்கள். 55 கிலோ, 60 கிலோ பிரிவுகளில் பிள்ளைகள் முந்தின நாளிலிருந்தே சாப்பிடாமல், தண்ணீர்கூடக் குடிக்காமல் வருகிறார்கள். இதைப் பார்க்கும்போது மனசு பதறுகிறது. காலையிலேயே எடை பார்த்து முடித்து, உடனே சாப்பாடும் தண்ணீரும் கொடுத்து, நான்கு மணி நேரம் கழித்து ஆடவிட்டால் தசைப்பிடிப்பும் மயக்கமும் வெகுவாகக் குறையும். எடையை முதல் நாள் ஒரு தடவை பார்த்தால் போதும். இரண்டாம் நாளும் பார்த்தால் அன்றைக்கும் பட்டினி கிடப்பார்கள்.

நடுவர்களை மாவட்ட அமெச்சூர் கபடிக் கழகத்தின் மூலம் அழைப்பதே நல்லது. ஒரு ஆட்டத்துக்கு ரெஃப்ரி ஒருவர், அம்பயர் இருவர், ஸ்கோரர் ஒருவர், உதவி ஸ்கோரர் இருவர், ஆக ஆறு பேர். இரண்டு களத்துக்குப் பன்னிரண்டு, மாற்றி உட்கார இன்னும் நான்கு. நகம் வெட்டியிருக்கிறதா, உடம்பில் எண்ணெய் தடவியிருக்கிறதா, மோதிரம், காப்பு, கயிறு இருக்கிறதா என்று ஆட்டத்துக்கு முன் பார்ப்பது விதி. அவசரத்தில் முதலில் விடுபடுவதும் அதுதான். 30 விநாடி ரைடு கடிகாரம் எல்லாருக்கும் தெரியும்படி இருக்கட்டும். 2014-இல் புரோ கபடி வந்த பிறகு டூ ஆர் டை ரைடு (இரண்டு காலி ரைடுக்குப் பிறகு புள்ளி எடுத்தே ஆக வேண்டிய மூன்றாவது ரைடு), சூப்பர் டேக்கிள் எல்லாம் பாட்டிகளுக்கும் தெரியும். எத்தனையாவது காலி ரைடு என்பதற்குச் சின்னப் பலகை வைக்காவிட்டால் கூட்டமே எண்ணிக் கத்தும். நடுக்கோட்டுக்கு நேரே ஸ்டாண்டில் ஒரு போன், கடைக்கோட்டுக்கு நேரே இன்னொன்று. ரிவியூ கேட்டால் ரெஃப்ரி மட்டும் பார்க்க வேண்டும். நாலு பேர் சூழ்ந்து நின்று பார்த்தால் நாலு தீர்ப்பு வரும்.

மைக் பிடிப்பவரைப் பற்றித் தனியாகவே எழுதலாம். கூட்டத்தைக் கட்டுப்படுத்தும் சக்தி காவலர் இருவரைவிட அவரிடம்தான் அதிகம். தீர்ப்பு வந்த உடனே எதற்காக அந்தப் புள்ளி என்று ஒரு வரியில் சொன்னால் முணுமுணுப்பு அடங்கிவிடும். "லாபியில கால் வச்சப்ப யாரையும் தொடலை, அதனால ரைடர் அவுட்." அவ்வளவுதான். முன்னால் நகர்ந்து வரும் கூட்டத்திடம் "தம்பிகளா, ரெண்டடி பின்னால போங்கப்பா, நம்ம பிள்ளைதான் மேல வந்து விழுவான்" என்று சொல்பவருக்கும், "ஏய், தள்ளுடா" என்று அதட்டுபவருக்கும் உள்ள வித்தியாசம் பெரியது. ஊர்ப் பெயரைச் சொல்லி உசுப்பேற்றுகிற வர்ணனை கைதட்டல் வாங்கும், கடைசியில் கல் வீச்சில் போய் நிற்கும்.

பொன்னாடைக்கும் கணக்கு உண்டு. பெயர் சொல்லி, மேடைக்கு அழைத்து, போர்த்தி, படம் எடுக்க ஒருவருக்கு ஒன்றரை நிமிடம். நாற்பது பேர் என்றால் ஒரு மணி நேரம், அதாவது ஒரு முழு ஆட்டம். சிறப்பு விருந்தினர் வரும்வரை களத்தைக் காயப்போடாமல் முதல் சுற்றைத் தொடங்கிவிடுங்கள். அவர் வந்ததும் அடுத்த ஆட்டத்தின் அணிகளை அறிமுகம் செய்துவைத்தால் மரியாதைக்குக் குறைவில்லை. நன்கொடையாளர்களுக்கான நன்றியைப் பெண்கள் இறுதி ஆட்டத்தின் இடைவேளையில் பெயர் வாசித்து முடிக்கலாம். நன்கொடையைப் பொறுத்தவரை ஒரு விதி: பணம் கைக்கு வந்த பிறகே பெயர் சுவரொட்டியில் ஏற வேண்டும். வாக்குறுதியை நம்பி அச்சடித்த பரிசுத் தொகையை இறுதி இரவில் கடன் வாங்கிக் கொடுத்த குழுக்கள் அடுத்த ஆண்டு போட்டி நடத்துவதில்லை. பரிசுப் பணத்தை முந்தைய நாளே உறையில் போட்டு, மேலே எழுதி, பற்றுச்சீட்டோடு தயாராக வைத்திருங்கள்.

மருத்துவ ஏற்பாட்டில் சிக்கனம் பார்க்கக் கூடாது. 2022 ஜூலையில் கடலூர் மாவட்டத்தில் நடந்த ஒரு போட்டியில் ரைடு போன இளைஞர் களத்திலேயே விழுந்து இறந்துபோனார். மைதானத்திலேயே ஆம்புலன்ஸ் நிற்க வேண்டும், முகப்பு வெளிவழியைப் பார்த்தபடி. அந்த வழியில் பைக் ஒன்றுகூட நிற்காமல் பார்த்துக்கொள்ள ஒரு ஆளை இரண்டு நாளும் அதற்கென்றே போட வேண்டும். களத்தோரம் ஸ்ட்ரெச்சர், கழுத்துப் பட்டை, கை கால் முறிவுக்குக் கட்டைகள், ஐஸ் பெட்டி இரண்டு. சுளுக்குக்கு ஐஸைத் துணியில் சுற்றி 15, 20 நிமிடம். தலையோ கழுத்தோ அடிபட்டு விழுந்தவனைச் சக ஆட்டக்காரர்கள் பாசத்தில் கையைப் பிடித்துத் தூக்கி உட்கார வைப்பார்கள். அதுதான் ஆபத்து. அசைக்காமல் கிடக்கவிட்டு மருத்துவக் குழு வரும்வரை தலையை இரு கையாலும் பிடித்திருக்க வேண்டும். ஒரு நொடி நினைவு தப்பினாலும் அவன் அன்றைக்கு மறுபடி ஆடக் கூடாது. அணி கெஞ்சினாலும் சரி, இறுதி ஆட்டமானாலும் சரி. மூச்சும் பேச்சும் இல்லாமல் விழுந்தால் மார்பின் நடுவில் நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, ஐந்து ஆறு சென்டிமீட்டர் ஆழத்துக்கு அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும். விழாக் குழுவில் நான்கு பேராவது போட்டிக்கு முன் இதை நேரில் கற்றுக்கொள்வது கட்டாயம்.

சாப்பாடு: 24 ஆண்கள் அணி, அணிக்குப் பதினான்கு பேர், அதுவே 336. பெண்கள் அணி நான்கு, நடுவர்கள், தொண்டர்கள் சேர்த்தால் 450. தலைக்கு 150 கிராம் அரிசி என்றால் ஒரு வேளைக்கு 68 கிலோ. ஆட்டத்துக்கு முன்னால் பிரியாணி போடாதீர்கள். எலுமிச்சைச் சாதம், தயிர் சாதம், வாழைப்பழம், கடலை மிட்டாய், உப்பும் சர்க்கரையும் போட்ட எலுமிச்சைத் தண்ணீர் போதும். ஆட்டம் முடிந்தவர்களுக்கு நல்ல சாப்பாடு. 2022 செப்டம்பரில் உத்தரப் பிரதேசம் சஹாரன்பூரில் கபடி ஆட வந்த சிறுமிகளுக்கான உணவைக் கழிவறையில் வைத்திருந்த காட்சியை நாடே பார்த்தது. சமையல் கூடம், கழிவறை, பெண்கள் உடை மாற்றும் அறை மூன்றும் அழைப்பு அச்சிடுவதற்கு முன்பே உறுதியாக வேண்டியவை. பெண்கள் அறைக்கு உள்தாழ்ப்பாளும் விளக்கும் இருக்கிறதா என்று குழுவில் உள்ள ஒரு பெண் போய்ப் பார்த்துச் சொல்ல வேண்டும். வெளியூர்ப் பெண்கள் அணி ஏறிப் போகும் வண்டியின் எண்ணையும் ஓட்டுநர் எண்ணையும் குறித்துக்கொண்டுதான் அனுப்ப வேண்டும்.

மறுநாள் காலை வேலை இன்னும் இருக்கிறது. பந்தல்காரர் கம்பத்தைப் பிடுங்கிப் போனதும் குழிகள் அப்படியே நிற்கும். மண் போட்டு, தண்ணீர் விட்டு, மிதித்து மூட வேண்டும். ஃப்ளெக்ஸ் கட்டிய கம்பி, தடுப்பில் அடித்த ஆணி, பாட்டில் சில்லு எல்லாம் புல்லுக்குள் கிடக்கும். பழைய ஸ்பீக்கரில் உள்ள காந்தத்தைக் கயிற்றில் கட்டி, களத்தையும் தடுப்பு ஓரத்தையும் குறுக்கும் நெடுக்குமாக இரண்டு தடவை இழுத்தால் ஒரு கைப்பிடி ஆணியாவது ஒட்டிக்கொண்டு வரும். ஒன்பது மணிக்குப் பள்ளி மணி அடிப்பதற்குள் இதை முடித்துவிடுங்கள். பிள்ளைகள் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு நேராக அந்தக் களத்துக்குத்தான் ஓடி வருவார்கள்.